ஒருவரைத்தான் அழைக்க முடியும் என்றால் யாரை?

பள்ளிக்கு ஒரு படப்புத்தகக்காரரை அழைத்து வரலாம் என்று பேச்சு எழுந்தவுடன் ஆசிரியர் அறை மூன்று கட்சியாகப் பிரிந்துவிடும். கதை எழுதியவரைக் கூப்பிடலாம் என்பார்கள் மொழி ஆசிரியர்கள். படம் வரைந்தவர் வந்தால் பிள்ளைகள் குதிப்பார்கள் என்பார்கள் சின்ன வகுப்பு ஆசிரியர்கள். மூன்றாவது கட்சி வரவு செலவு பார்ப்பவர்கள்: "ஆன்லைனில் வரச் சொல்லுங்கள், பயணச் செலவு மிச்சம்." பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் இந்தப் பேச்சில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. கடைசியில் யாருடைய தொலைபேசி எண் கைவசம் இருக்கிறதோ அவர் வந்துவிடுவார்.

நான் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிறேன். அச்சான புத்தகம் நூலக அலமாரியில் இருக்கிறது. அதை வாசித்துக் காட்ட வகுப்பாசிரியரே போதும். வருகிறவரிடம் மட்டும் இருப்பவை அச்சுக்குப் போகாதவை: அடித்துத் திருத்திய வரிகள், வேண்டாம் என்று ஒதுக்கிய படங்கள், பென்சில் கோட்டோடு நிற்கும் டம்மி, அதாவது அச்சுக்கு முன் கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம். அந்த அரைகுறை வேலையைப் பிள்ளைகள் எவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்க்க முடியும்? இதுதான் என் கேள்வி. யாரைக் கூப்பிடுவது, எத்தனை பேர் முன்னால் உட்கார வைப்பது, நேரிலா திரையிலா என்பதையெல்லாம் இதில் உரசிப் பார்த்தால் விடை கொஞ்சம் சுலபமாக வரும். சில சமயம் எதிர்பாராத விடையும் வரும்.

எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறு

எழுதியவரும் வரைந்தவரும் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து புத்தகம் செய்கிறார்கள் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, நிறைய ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. பதிப்பகம் கதையை வாங்குகிறது, பிறகு அதற்கு ஓர் ஓவியரைத் தேடுகிறது. இருவருக்கும் நடுவில் பதிப்பாசிரியரும் வடிவமைப்பாளரும் நிற்கிறார்கள். புத்தகம் வெளிவரும்வரை இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாதது சகஜம்.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. அப்படி இரண்டு ஃபாரம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் போன்றவற்றைக் கழித்தால் கதைக்குக் கிடைப்பது 12 முதல் 14 விரிபக்கங்கள்தான் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிபக்கம்). அதற்குள் சொற்கள் பல நேரம் 500ஐக்கூடத் தாண்டாது. மீதிக் கதையைப் படம் சொல்லியாக வேண்டும். "பாட்டி வீடெல்லாம் தேடினாள்" என்று ஒரு வரி இருக்கும். தேடப்படும் பூனை மேசைக்கடியில் வாலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் இருக்காது. வாசித்துக் காட்டுகிற பெரியவர் அதைக் கவனிக்கும் முன்பே நான்கு வயதுப் பிள்ளை விரலை வைத்துவிடும்.

அந்த வாலை அங்கே வைத்தது யார்? அநேகமாக ஓவியர். சிறு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான். அந்தப் பையனுக்கு ஏன் ஒரு காலில் மட்டும் செருப்பு, இந்தப் பக்கத்தில் நிலா இருந்தது அடுத்த பக்கத்தில் எங்கே போயிற்று, நாய் ஏன் நீலம். எழுத்தாளரிடம் கேட்டால் நேர்மையானவர், "புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் நானும் பார்த்தேன்" என்பார். முதல் தடவை பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஐந்தாவது தடவை சலித்துப்போகும்.

எழுத்தாளர் மட்டும் வந்தால்

எழுத்தாளருக்கு வேண்டியவை கொஞ்சம்: ஒரு நாற்காலி, தண்ணீர், பெரிய அறை என்றால் மைக். தன் கதையைத் தன் குரலில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் என்றால் முதல் பத்து நிமிடத்துக்குக் கவலையே இல்லை. அதற்குப் பிறகுதான் சோதனை. "எப்படிக் கதை எழுதுவது" என்று பேச ஆரம்பித்துவிட்டால் அது பேச்சுதான். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எழுத்தாளரை அழைப்பது பலன் தருவது சொந்தமாக நான்கைந்து வரி எழுதும் வயதில். ஏறக்குறைய ஒன்பது, பத்து வயது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரையைத் திருத்தி எழுதச் சொன்னால் தண்டனை மாதிரி இருக்கும். அச்சில் பெயர் வந்த ஒருவர் தன் முதல் பிரதியைக் கொண்டு வந்து, இருபது வரி எழுதிப் பதினாறை அடித்ததைக் காட்டினால் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அடித்த வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஏன் அடித்தீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். அடிக்கப்பட்ட வரிதான் நன்றாக இருந்தது என்று ஒரு பெண் பிடிவாதமாக நின்று, எழுத்தாளர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டில் அதைவிட நல்ல இலக்கண வகுப்பு எங்கள் பள்ளியில் நடந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே எழுத்தாளரைக் கூப்பிடும்போது நான் கேட்பது ஒன்றுதான்: பழைய பிரதிகளைக் கொண்டு வருவீர்களா? கணினியில் நேராகத் தட்டச்சு செய்பவரிடம் இருக்காது. அப்படியானால் ஒரே பக்கத்தின் மூன்று கட்டங்களை அச்செடுத்துக் கொண்டு வரச் சொல்லலாம். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கடிதங்கள் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கும் "வேண்டாம்" என்று கடிதம் வரும் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி.

ஓவியர் மட்டும் வந்தால்

ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது, பிள்ளைகள் ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்குள் என்றால் நான் யோசிக்காமல் ஓவியரைக் கூப்பிடுவேன். காரணம் சுலபமானது. எழுத்தாளரின் வேலை தலைக்குள் நடக்கிறது, அதைப் பற்றிச் சொல்லத்தான் முடியும். ஓவியரின் வேலை கண் முன்னால் நடக்கும். வெள்ளைத்தாளில் முதல் கோடு விழும்போது அது முயலா மூக்கா என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு நிமிடம் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

கோடு தப்பாகப் போகும்போது இன்னும் நன்றாக இருக்கும். நல்ல ஓவியர் அதை மறைக்கமாட்டார். "அடடா, காது பெரிசாகிவிட்டதே, என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளையே கேட்பார். ஒன்பது வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு இது மருந்து மாதிரி. ஆஸ்திரியாவில் பிறந்த கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஏறக்குறைய ஒன்பது வயதில் தொடங்கும் படியில், பிள்ளை தன் படத்தை உண்மையான பொருளோடு ஒப்பிட்டுத் தானே குறை காண ஆரம்பிக்கிறது. வகுப்பாசிரியர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. நேற்றுவரை தாள் தாளாக வரைந்து தள்ளியவன் திடீரென்று கையால் தாளை மூடிக்கொண்டு "எனக்கு வரையத் தெரியாது" என்பான். அந்த வயதில், இதையே தொழிலாகச் செய்கிற ஒருவர் நான்கு தடவை அழித்து வரைவதைப் பார்ப்பது வேறு எங்கும் கிடைக்காத பாடம்.

இன்னொன்று. பாட மொழி வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகள், புதிதாக வந்து சேர்ந்தவர்கள், வாயே திறக்காதவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். எழுத்தாளர் வரும் நாள் அவர்களுக்கு இன்னொரு மௌன நாள். ஓவியர் வந்தால் ஒரு பென்சில் கிடைக்கிறது.

சரி, குறைகள் இல்லையா? இருக்கின்றன. நிறைய ஓவியர்கள் தனியாக உட்கார்ந்து வேலை செய்து பழகியவர்கள். நூறு முகங்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவரை ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுப் பேச வைக்க வேண்டும். வரையும் கை ஓடிக்கொண்டிருந்தால் வாயும் தானாக வரும்.

இரண்டாவது குறை இதைவிட மோசம்: "என்னோடு சேர்ந்து வரையுங்கள்" என்று முப்பது பேரையும் ஒரே முயலை வரைய வைப்பது. ஆசிரியர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், சுவரில் வரிசையாக ஒட்டலாம். ஆனால் முப்பது ஒரே மாதிரி முயல்களில் யாருடைய முயல் கோணலாக இருக்கிறது என்று பிள்ளைகள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மேலே சொன்ன மருந்து விஷமாகிவிடும். அதற்குப் பதில் பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஓவியர் ஒரு விலங்கை உருவாக்கட்டும், யானைக் காது, கோழிக் கால், கோபமாக இருக்கிறது, குடை வைத்திருக்கிறது என்று. பிறகு ஒவ்வொருவரும் தனக்கு வந்த விலங்கை வரையட்டும். ஒப்பிட எதுவும் இருக்காது.

மூன்றாவது, டேப்லெட்டில் மட்டும் வரையும் ஓவியர்கள். இது இப்போது சாதாரணம், அதில் தவறும் இல்லை. ஆனால் 'அன்டூ' பொத்தானைத் தட்டினால் தப்பான கோடு தடமே இல்லாமல் போய்விடும். எதைப் பார்ப்பதற்காக அவரை அழைத்தோமோ அதுவே மறைந்துவிடுகிறது. அவர்களிடம் ஒரு பகுதியையாவது காகிதத்தில் செய்யக் கேளுங்கள், அல்லது ஒரு படம் முதல் கோட்டிலிருந்து முடியும்வரை வளர்ந்ததை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இருவரும், அல்லது இரண்டும் ஒருவரே

இருவரையும் சேர்த்து அழைத்தால் செலவு இரட்டிப்பு. பலனும் இரட்டிப்பா என்றால், அந்த இருவருக்குள் எப்படி ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்தது. நன்றாக அமைந்தால் மேடையில் ஒரு சின்னச் சண்டையே நடக்கும். நான் மழை என்று எழுதவே இல்லையே என்பார் ஒருவர். மழை இல்லாமல் அந்தப் பக்கம் காலியாக இருந்தது என்பார் மற்றவர். இரண்டு பெரியவர்கள் மரியாதையோடு கருத்து வேறுபடுவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். ஆனால் சந்திப்பே அதிகம் இல்லாத இருவர் என்றால் ஆளுக்குப் பாதி நேரம் பேசிவிட்டு உட்காருவார்கள். இருவரைப் பாதிப் பாதி கேட்பதைவிட ஒருவரை முழுதாகக் கேட்கலாம்.

எழுதி வரைவது இரண்டும் ஒருவரே என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க இதுதான் லாபம். ஒரு கட்டணம், ஒரு டிக்கெட், எல்லாக் கேள்விக்கும் ஒரே ஆள். படம் முதலில் வந்ததா, வரி முதலில் வந்ததா என்ற கேள்விக்கு உண்மையான பதில் வைத்திருப்பவரும் இவர்தான். ஒரு படம் போட்டதால் மூன்று வரிகளை எடுத்துவிட்டேன் என்று இவரால் சொல்ல முடியும். இப்படி ஒருவர் கிடைத்தால் மற்ற வழிகளைத் தேட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: பிள்ளைகள் முன்னால் அவர் வரைவாரா? சிலர் ஒரு படத்துக்கு மூன்று வாரம் எடுப்பவர்கள், வாட்டர்கலர் காய வேண்டும், கூட்டத்தில் கை ஓடாது. அது குற்றமில்லை. பாதி முடிந்த படங்களை அவர் கொண்டு வந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. டென்மார்க் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பெயரில் சிறார் இலக்கியத்துக்குத் தரும் விருது 1956இல் எழுத்தாளர்களுக்குத் தொடங்கியது. ஓவியர்களுக்கென்று தனியாகத் தர ஆரம்பித்தது 1966இல். பத்து ஆண்டு தாமதம். பள்ளி அழைப்பிதழ்களில் அந்தத் தாமதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: அட்டையில் இரண்டு பெயர் இருந்தாலும் "புத்தகத்தை எழுதியவர்" என்ற ஒருவரைத்தான் நமக்குக் கூப்பிடத் தோன்றுகிறது.

அரங்கமா, வகுப்பறையா

யார் என்பதைவிட எத்தனை பேர் முன்னால் என்பது பலனை அதிகம் மாற்றிவிடும். தலைமையாசிரியருக்கு முழுப் பள்ளியும் உட்கார்ந்திருக்க வேண்டும். 300 பிள்ளைகள், ஒரு மேடை, ஒரு புகைப்படம். அதில் வரைந்து காட்டினால் முதல் மூன்று வரிசைக்குத் தெரியும். கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் தலை. அந்தப் பிள்ளையின் கணக்கில், ஓவியர் வரவே இல்லை.

ஒரு வகுப்பு, சுமார் 30 பேர், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். பயிலரங்குக்கு இதுதான் சரியான அளவு என்பது என் அனுபவம். ஐந்து ஆறு வயதினருக்கு அரை மணி நேரம் தாண்டக்கூடாது. டம்மி கைமாறிச் சுற்றி வரும், பக்கத்தைத் திருப்புவார்கள், பென்சில் கோட்டைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு நாளில் இப்படி மூன்று அல்லது நான்கு அமர்வுகளுக்கு மேல் யாரிடமும் கேட்காதீர்கள். குரல் போய்விடும். ஐந்தாவது வகுப்புக்குக் கிடைப்பது முதல் வகுப்புக்குக் கிடைத்தவரின் நிழல்தான். நடுவில் சாப்பிடவும் சும்மா உட்காரவும் நேரம் வேண்டும். ஆசிரியர் அறையில் நலம் விசாரிக்கிறவர்கள் சூழ்ந்துகொள்ளும் நேரம் அந்தக் கணக்கில் சேராது.

நான்கு வகுப்புக்குக் கொடுத்தால் மற்ற எட்டு வகுப்பு அழும். "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி பெற்றோரிடமிருந்தும் வரும். இதற்கு நான் செய்வது: காலையில் எல்லோருக்கும் சேர்த்து இருபது நிமிடம், வாசிப்பும் ஒரே ஒரு பெரிய படமும். சார்ட் தாளில் தடிமனான மார்க்கரால், பின்வரிசையிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவில். அல்லது கைபேசியை ஒரு ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி புரொஜெக்டரோடு இணைத்துவிட்டால் வரைகிற கையே திரையில் தெரியும். அதன் பிறகு தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும் பயிலரங்கு. அடுத்த ஆண்டு வேறு வகுப்புகள் என்று எழுதியே வைத்துவிட்டால் முணுமுணுப்பு அடங்கும்.

பணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் பள்ளிக்கு, இரண்டு வேறு ஆட்களை ஒவ்வொரு நாள் அழைப்பதைவிட ஒரே ஆளை மூன்று நாள் அழைப்பது மேல். முதல் நாள் கூச்சம் போகும். இரண்டாம் நாள் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைத் தொடங்குவார்கள். ஒரே தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் ஒட்டாமல் தைக்காமல் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் கிடைக்கும், அது போதும். எட்டுப் பக்கத்தில் ஒரு கதையை அடக்கப் பார்க்கும்போதுதான் பக்கத்தைத் திருப்பும் இடம் எவ்வளவு முக்கியம் என்று புரியும். பயத்தை இந்தப் பக்கத்தில் வைத்து, பூதத்தை அடுத்த பக்கத்தில் ஒளித்து வைக்கும் வித்தையை எட்டு வயதுக்காரர்கள் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் ஓவியர் அந்தக் குட்டிப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்ப்பார். அவர்களுடைய அரைகுறை வேலையை அவர் பார்ப்பது. ஒருநாள் வருகையில் இது நடக்க வழியே இல்லை.

திரையில் வந்தால்

2020க்குப் பிறகு இது எல்லாப் பள்ளிக்கும் பழகிய வழி. அதனாலேயே அலுத்தும் போய்விட்டது. எழுத்தாளர் தன் வீட்டிலிருந்து ஸ்லைடு போட்டுப் பேசுவது ஏற்கெனவே பதிவு செய்த காணொளி பார்ப்பதைவிட ஒன்றும் மேலாக இல்லை. பிள்ளைகள் மைக் அணைக்கப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்க ஒருவன் எழுந்து கணினி அருகே போய்ச் சேர்வதற்குள் அவனுக்கே கேள்வி மறந்துவிடும்.

ஆனால் ஓவியர் விஷயத்தில் கணக்குத் தலைகீழாகிறது. மேலிருந்து மேசையைப் பார்க்கும் கேமரா ஒன்று அவரிடம் இருந்தால் வகுப்பில் உள்ள எல்லோருக்கும் முன்வரிசை இருக்கை. நேரில் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாலும் தெரியாத அளவுக்குத் தூரிகையின் நுனி தெரியும். அவர் தன் வேலை மேசையிலேயே இருக்கிறார், ஆகவே இழுப்பறையைத் திறந்து பழைய படங்களை எடுத்துக் காட்டலாம். பயணத்தில் இதையெல்லாம் தூக்கிவர முடியாது. நேரில் 300 பேருக்கு நடுவிலா, திரையில் 30 பேருக்கா என்று என்னைக் கேட்டால் திரையில் 30 பேர் என்பேன். நேரிலேயே 30 பேர் என்றால் அதற்கு எதுவும் ஈடில்லை, அது வேறு.

திரையில் இழப்பது என்ன என்பதும் தெளிவு: பிள்ளைகளின் படங்களை அவரால் பார்க்க முடியாது. தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் வெள்ளையாகத்தான் தெரியும். முன்பே படம்பிடித்து அனுப்பிவிட்டு, நிகழ்ச்சியின்போது அவற்றில் சிலவற்றைப் பற்றி அவர் பேசினால் பாதி இழப்பு சரியாகும். அமர்வை 40 நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. கேள்விகளை முன்பே வாங்கி, கேட்கும் வரிசையை ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அனுமதி இல்லாமல் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். புத்தகத்தை முழுதாக வாசித்த காணொளி என்றால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். எழுத்தாளர் சம்மதித்தாலும் ஓவியரும் பதிப்பகமும் சம்மதிக்க வேண்டியிருக்கலாம்.

பணம்

"புத்தகம் விற்குமே, சும்மா வரமாட்டாரா?" இந்தக் கேள்வியை நானே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். ராயல்டி என்பது புத்தக வருமானத்தில் ஒரு சின்னப் பங்கு. படப்புத்தகத்தில் அந்தச் சின்னப் பங்கும் பெரும்பாலும் இருவருக்குப் பிரியும். சில ஓவியர்களுக்கு ஒருமுறை தரும் தொகையோடு சரி, ஒரு பிரதி விற்றாலும் ஆயிரம் விற்றாலும் ஒன்றுதான். பள்ளியில் ஒரு நாள் என்பது அவர்களுக்குத் தயாரிப்பும் பயணமும் சேர்த்து இரண்டு மூன்று நாள் வேலை. எனவே இலவச வருகையின் செலவை யாரோ ஒருவர் தன் பையிலிருந்து போடுகிறார். கட்டணம், பயணம், தங்குமிடம், எத்தனை அமர்வு, பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நிம்மதி.

பணம் போதவில்லை என்றால் அமர்வுகளைக் குறையுங்கள், கட்டணத்தைக் குறைக்காதீர்கள். பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து அடுத்தடுத்த இரண்டு நாள் ஏற்பாடு செய்தால் பயணச் செலவு பாதியாகும். ஒரே நாளைக் காலை ஒரு பள்ளி, மாலை ஒரு பள்ளி என்று பிரிப்பதைத்தான் நான் தவிர்ப்பேன். இரண்டு பள்ளிக்கும் கிடைப்பது அவசரம்.

புத்தக விற்பனையைக் கட்டணத்துக்கு ஈடாக வைத்துக்கொள்வது சில இடங்களில் நடக்கிறது. எனக்கு அது பிடிக்காது. அன்றைய நாள் வாங்கியவர், வாங்காதவர் என்று வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடும். விற்பனை வேண்டாம் என்றில்லை, முன்பதிவு வாங்கி அமைதியாக நடக்கட்டும். வாங்க முடியாத பிள்ளைகளுக்கு ஓவியர் கையெழுத்திட்ட ஒரு அட்டையோ புத்தகக்குறியோ கட்டாயம் இருக்கட்டும். வகுப்புக்கு ஒரு பிரதி பள்ளியே வாங்கி நூலகத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

கையெழுத்துக்கு நேரம் ஒதுக்க எல்லோரும் மறப்பார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் 120 புத்தகத்துக்கு இரண்டு மணி நேரம். ஓவியர் என்றால் பெயரோடு ஒரு குட்டிப் படமும் போடுவார், இன்னும் இழுக்கும். பிள்ளையின் பெயரைத் துண்டுச் சீட்டில் தெளிவாக எழுதி உள்ளே வைத்துவிட்டால் எழுத்துப்பிழை வராது, வரிசையும் நகரும். சீட்டு வைக்காத ஒரு நாளில் ஒரே பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டு வந்தது. பிள்ளைகள் மறந்திருப்பார்கள், பெற்றோர் இன்னும் மறக்கவில்லை.

கடைசி நேரத்தில் ஏற்பாடு நின்றுபோனால் ஒரு நல்ல கதைசொல்லியை அழைப்பது மோசமான மாற்று இல்லை. நேரம் நன்றாகப் போகும். ஆனால் புத்தகம் எப்படி உருவாகிறது என்பது அவரோடு வராது, அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

யாரை அழைத்தாலும் இரண்டு காரியம் பள்ளியின் பொறுப்பு. அறையில் ஓர் ஆசிரியர் கடைசிவரை இருக்க வேண்டும், மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு இல்லாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவரும் வரைய வேண்டும். புகைப்படம் எடுப்பதென்றால் பெற்றோரின் சம்மதம் முன்பே வாங்கியிருக்க வேண்டும். புத்தகத்தை முன்னரே வகுப்பில் வாசித்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அட்டையைக்கூடப் பார்க்காத வகுப்புக்குள் விருந்தாளியை அனுப்பிய பள்ளிகள் உண்டு. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "உங்கள் வயது என்ன?"

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2ஐப் பன்னாட்டுச் சிறார் புத்தக நாளாக 1967இலிருந்து கொண்டாடுகிறார்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். இந்த இரண்டு நாளையும் ஒட்டி எல்லாப் பள்ளிகளும் ஒரே ஆட்களைத்தான் துரத்தும். கிடைத்தால் அரை நாள் கிடைக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வருவார்கள். யாருக்கும் விழா இல்லாத ஒரு மாதத்தில், எங்கள் பிள்ளைகள் உங்கள் புத்தகத்தை வாசித்துவிட்டார்கள், முடிக்காத படங்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதிப் பாருங்கள். நான் அப்படி எழுதிய ஒருவர் பதிலில் கட்டணத்தைப் பற்றிக் கேட்கும் முன் கேட்டது, எவ்வளவு பெரிய மேசை இருக்கிறது என்று.